மூன்றாம் வகுப்பு அப்பாக்கள்

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 நெருங்கிவிட்டால் பெங்களூரு அடுகோடி அப்பாக்களின் படிப்பார்வத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். 1928-இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது சி.வி. ராமனுக்குத் துணையாகப் பேசப்படுபவர் கே.எஸ். கிருஷ்ணன் ஒருவர்தான். இன்று பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கோ அப்பா, அம்மா, சித்தப்பா, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் என்று நால்வர். நாடு முன்னேறவில்லை என்று யார் சொன்னது?

பிள்ளைக்கும் பங்கு உண்டு. பெவிகால் காயும்வரை எதையும் தொடாமல் இருப்பது அதன் பொறுப்பு. மாடல் என்னவோ எரிமலைதான்: தெர்மாகோல் மலை, நடுவில் பாட்டில், சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். 'கார்பன் டை ஆக்சைடு' என்பதை மட்டும் முதல் நாள் ராத்திரி நெட்டுருப் போட வைத்தால் தீர்ந்தது. நுரையையும் நெருப்பையும் நிஜமாகவே காட்ட பக்கத்தில் பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. 2017-இல் பற்றியே எரிந்தது. ஆனால் அதற்கு மினுமினுப்புக் காகிதம் ஒட்ட முடியாதே.

ஒரு சிறுமி மட்டும் கலங்கல் தண்ணீரை மணலிலும் கூழாங்கல்லிலும் வடிகட்டி, தினமும் பார்த்ததைக் கோணல் எழுத்தில் குறித்து வைத்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னாள்.

"வீட்டுல யாருமே இல்லையாம்மா?" என்று நடுவர் உருகிப்போய் ஆறுதல் பரிசு கொடுத்தார்.

முதல் பரிசு எரிமலைக்கு. அதைச் செய்தவருக்கு அன்று ஆபீசில் லீவு கிடைக்கவில்லை; அவர் சார்பில் பையன் மேடையேறி வாங்கிக்கொண்டான்.