அக்கா வீடு ஆடிய கதை

அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். அதை மேலிருந்து வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பந்தி முடிந்து முப்பது பேர் ஹாலில் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருக்க, புது டிவியில் அதை ஓட விட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய வீடு, பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி மாதிரி நெளிந்தது. மாடிக் கைப்பிடிச் சுவர் அலையடித்தது. தண்ணீர்த் தொட்டி இடுப்பை ஆட்டியது. அத்தான் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் என்னைப் பார்த்தார்.

"என்னல இது, வீடு இந்த ஆட்டம் ஆடுது?" என்றாள் அக்கா.

"காத்துக்கா" என்றேன்.

தென்காசிப் பக்கம் இந்த பதிலை யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனியும் ஆடியும் பால் காய்ச்ச ஆகாது என்று வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் வைத்திருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும் ஊர் இது. சும்மாவா இத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? என் ட்ரோனோ 249 கிராம். நாலு கத்திரிக்காய் எடைகூட இல்லை. காற்றின் மேல் பழியைப் போட்டதும் எல்லாரும் தலையாட்டினார்கள். கொத்தனாருக்குத்தான் நிம்மதி அதிகம்.

அந்த 249க்கு ஒரு காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்துவிட்டதால் நான் வாங்கியது கைமாறிய பழைய வண்டி. விற்றவர் நல்ல மனிதர், குறை ஒன்றும் மறைக்கவில்லை. குறையெல்லாம் என் வீட்டுக்கு வந்த பிறகு நான் சேர்த்தவை.

பால் காய்ச்சின மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஊதுபத்திப் புகை நேராக மேலே போகும். ட்ரோனை ஏற்றிப் பக்கத்துத் தெருவை எடுத்தேன். தெரு நெளிந்தது. அப்போதே காற்று குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிட்டது. நேர்மையான ஆளாக இருந்தால் அக்காவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் அந்த வீடியோவை அழித்தேன்.

அதன் பிறகு இரண்டரை மாதம் நான் செய்த வைத்தியங்களைச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் 'கேலிபரேஷன்'. உள்ளே இருக்கும் உணரிகளுக்கு எது மட்டம், எது சாய்வு என்று புதிதாகக் கற்றுக் கொடுக்கும் சடங்கு. மட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள் என்று திரையில் எழுத்து வரும். எங்கள் மொட்டைமாடியை விட மட்டமான இடம் ஏது? ட்ரோனை வைத்து, சொன்ன பக்கமெல்லாம் புரட்டி, பொத்தானை அழுத்தினேன். அன்று மாலை எடுத்த வீடியோவில் நெளிவு அப்படியே இருந்தது. கூடவே தொடுவானம் இடது பக்கம் சரிந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையே கேரளாப் பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடித் தரையை மழைத் தண்ணீர் வடிவதற்காக வாட்டம் வைத்துத்தான் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வாட்டம் சரியில்லை என்று முன்னொரு காலத்தில் கொத்தனாரிடம் சண்டை போட்டவனே நான்தான். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதே கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் கேட்கப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. "சார், அக்கா வீட்டுக்கு மட்டம் பாத்துத்தான் வச்சேன்" என்றார். "வீட்டுக்கில்ல அண்ணாச்சி, மேசைக்கு" என்றேன். மேசைக்கு எதற்கு ரசமட்டம் என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனுஷன்.

மட்டம் சரியானது. மலை நிமிர்ந்தது. நெளிவு போகவில்லை.

அடுத்து கண்ணாடி. கேமரா முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, சிறியதும் பெரியதுமாக நான்கு அடங்கிய ஒரு செட்டை வரவழைத்தேன். இதில் விஷயம் இல்லாமல் இல்லை. விநாடிக்கு 25 சட்டகம் ஓடும் வீடியோவில் ஒவ்வொரு சட்டகமும் ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருந்தால், நகரும் பொருள் லேசாகக் குழைந்து அசைவு கண்ணுக்கு இதமாகத் தெரியும். உச்சி வெயிலில் கேமரா தானாக ஆயிரத்தில் ஒரு விநாடி, இரண்டாயிரத்தில் ஒரு விநாடி என்று பறக்கும். அப்போது ஒவ்வொரு சட்டகமும் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். சின்ன அதிர்வுகூடத் தனித்தனியாக எண்ணும்படி தெரியும். வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை நிதானப்படுத்தத்தான் அந்தக் கண்ணாடி. 16 என்று போட்டிருந்தால் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வரும். 64 என்றால் அறுபத்து நாலில் ஒரு பங்கு.

நான் இதை டயர் சைஸ் மாதிரி புரிந்துகொண்டேன். பெரிய எண், பெரிய பலன். 64ஐ மாட்டிக்கொண்டு ஆடி மாதம் சாரல் மேகம் கவிந்த ஒரு மாலையில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனேன்.

'ரோஜா' படம் எடுத்த ஊர். ஆடியில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். கேரளாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு காரணமில்லை. காற்றில் பூவெல்லாம் எப்படியும் ஆடும். பூ ஆடுகிறதா கேமரா ஆடுகிறதா என்று எவனாலும் சொல்ல முடியாது. ஒருவேளை இதுதான் நான் பிடிக்க வேண்டிய படமோ என்றுகூடத் தோன்றியது.

வரப்பில் நின்று ட்ரோனை முடுக்கினேன். கேமராப் பக்கமிருந்து 'கொர்ர்' என்று ஒரு முனகல். திரையில் கிம்பல் மோட்டாருக்குப் பளு அதிகம் என்று சிவப்பாக ஒரு வரி வந்தது. அதை விரலால் ஒதுக்கித் தள்ளினேன். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினேன். வரப்போரம் நின்ற ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், "அங்கிளே, கவர்!" என்று கத்தினான். கேமராவை அசையாமல் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் மூடியை நான் கழற்றவே இல்லை.

கிம்பல் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோழியைக் கையில் பிடித்து உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். தலை மட்டும் அந்தரத்தில் ஆணியடித்த மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். அந்த வேலையை ட்ரோனில் மூன்று குட்டி மோட்டார்கள் செய்கின்றன. உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பி நேராக வைக்கும். நான் செய்தது கோழியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தலையை அசைக்கச் சொன்ன காரியம்.

மூடியைக் கழற்றிவிட்டு ஏற்றினேன். 64ஆம் நம்பர் கண்ணாடியில் சூரியகாந்தித் தோட்டம் கிரகண நேரத்துச் சுடுகாடு மாதிரி வந்தது. அந்தக் கண்ணாடியின் கனத்தைத் தாங்கவும் மோட்டார் தவித்து, பழைய நெளிவோடு புதிதாக ஒரு நடுக்கமும் சேர்ந்துகொண்டது. ஆடாத பூ ஏதுமில்லை என்பது சரி. பின்னால் நின்ற மலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. மலையும் நெளிந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் கண்ணாடி, நான் ஒட்டிய ஸ்டிக்கர், காலில் சுற்றிய டேப் எல்லாம் சேர்ந்து எடை 250ஐத் தாண்டியிருந்தது. சட்டப்படி என் வண்டி நானோவிலிருந்து 'மைக்ரோ'வாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பதவி உயர்வு கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவனிடம் போனேன். இருபத்து நாலு வயதிருக்கும். வீடியோவைப் பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை.

"சார், இது காத்தாட்டம் இல்ல. காத்துன்னா மொத்தப் படமும் ஊஞ்சல் மாதிரி போய் வரும். இது ஜெல்லி. நேர்க்கோடு வளையுது பாருங்க. ரெக்கையக் காட்டுங்க."

நேர்க்கோடு ஏன் வளைகிறது என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடையில் வெளிச்சம் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போது ஆதார் அட்டையை அசைத்தால் எழுத்து எப்படி வரும் என்று திருப்பிக் கேட்டான். கேமராவின் சென்சாரும் படத்தை மொத்தமாகப் பிடிப்பதில்லையாம். மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்குமாம். படித்து முடிப்பதற்குள் கேமரா பல தடவை துடித்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் விழுந்து, சுவர் பாம்பாகிவிடும். அக்கா வீட்டுக்கு நடந்தது அதுதான்.

இறக்கைகளை நகத்தால் ஓரம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவன் மூன்றாவது மோட்டாரில் நின்றான். "இது எதுல பட்டுச்சு?"

முருங்கையில். சித்திரை மாதம். ஒரு மில்லிமீட்டர் பொக்கைகூட இருக்காது. அதை என் மனைவியின் நகவெட்டியிலிருந்த அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் எடை குறைந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பி விளக்கவில்லை. சீலிங் ஃபேனை நிமிர்ந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். போதும்.

"ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க. ஜோடியா மாத்துங்க. ஸ்க்ரூவும் புதுசு போடுங்க" என்றவன், கேமராவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து நிமிர்ந்தான். "இந்த மூலையில ரப்பர் எங்க சார்?"

கேமராவை உடம்போடு நேரடியாக இறுக்காமல், மோட்டார் அதிர்வு அதற்கு ஏறாதபடி மல்லி விதை அளவு ரப்பர்களில் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் ஒன்று காணோம். மற்றவை இழுபட்டுக்கொண்டிருந்தன.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு காட்சி கண்முன் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முருங்கையில் மோதின இரண்டாம் நாள். என் மனைவி மொட்டைமாடி கூட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டுகிறாள். "ஏங்க, இது உங்க ட்ரோன்ல உள்ளதா பாருங்க." நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறேன்: "அது இயர்போன் ரப்பர்."

எங்கள் வீட்டில் யாரும் இயர்போன் வைத்திருக்கவில்லை.

அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். சட்டைப் பொத்தான், ஊக்கு, ஜாக்கெட் கொக்கி நடுவில் இத்தனை மாதமாக அது பத்திரமாக இருந்தது. அதைத் துளையில் நுழைக்க நான் அரை மணி நேரம் இடுக்கியோடு போராடினேன். அவள் ரப்பரின் கழுத்தில் ஒரு நூலைச் சுற்றித் துளை வழியே விட்டு இழுத்தாள். 'டொக்'. இதற்கு நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

புது இறக்கை ஜோடி வந்தது. மாட்டி ஏற்றினேன். தெரு தெருவாக இருந்தது. சுவர் சுவராக நின்றது. இவ்வளவு நாள் பிறகு கம்பத்தை நேராகப் பார்த்ததில் கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் பத்து விநாடிக்கு ஒரு தடவை படம் மொத்தமும் வெடுக்கென்று துள்ளியது. மறுபடி அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: "இது உங்க கட்டைவிரல் சார்."

அரிசி ஆலையில் முப்பது வருடம் கால்குலேட்டர் தட்டிய விரல். கண்ட்ரோலர் குச்சியையும் அது 'கூட்டல்', 'பெருக்கல்' என்று தட்டித்தான் பழகியிருந்தது. இப்போது வேகத்தைக் குறைக்கும் 'சினி' மோடில் போட்டு, குச்சியைத் தயிர்ச் சட்டியைத் தூக்குகிற மாதிரி தள்ளுகிறேன். பரவாயில்லை என்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

ஆவணியில் அக்கா வீட்டை மறுபடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு நெளிவு இல்லை. அக்கா இரண்டு தடவை ஓட விட்டுப் பார்த்தாள். "இப்ப ஆடல. மாடியில துணி காயுதே, எடுக்கச் சொல்லியிருக்கக் கூடாதால?" என்றாள். போன தடவை காற்றில்லை என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

64ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி ஒன்று, ஒரே ஒரு தடவை போட்டது, பாதி விலைக்குத் தரத் தயார். ரசமட்டம் விற்பனைக்கு இல்லை. அது கொத்தனாருடையது, மூன்று தடவை கேட்டுவிட்டார்.