குளிர்காலமும் ஒரு டாலர் வேனும்

கேள்வி: ஜூலையில் ஆஸ்திரேலியக் கடற்கரையை கேம்பர்வேனில் சுற்ற ஆசை. பட்ஜெட் சின்னது. குளிர் தாங்குமா?

பதில்: வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. மெல்போர்ன் பக்கம் கிரேட் ஓஷன் ரோட்டில் பல் தந்தியடிக்கும். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே கெய்ன்ஸ் வரை, சுமார் 1,700 கிலோமீட்டர், வண்டியை விடுங்கள். போகப் போக, குளிர்காலம் காலண்டரில் மட்டும்தான் இருக்கும். அண்டார்க்டிகா திமிங்கிலங்களே அந்த சீசனில் அந்தப் பக்கம்தான் வருகின்றன, அதுவும் வாடகை இல்லாமல்! கொட்டும் ஜெல்லிமீன்களின் தொல்லையும் அப்போது குறைவு. முதலைக்கு மட்டும் லீவு கிடையாது. எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்.

காசுக்கு வழி? வேறு ஊரில் தேவைப்படும் வேனை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தால் நாளொன்றுக்கு 1 டாலர் வாடகைக்கே தரும் 'ரீலொகேஷன்' சலுகைகள் உண்டு. கெடு வாடகை நிறுவனம் வைப்பதுதான். திமிங்கிலத்துக்காக மூன்று நாள் நிறுத்தினால் அபராதத்தில் அந்த மலிவு கரைந்துவிடும். பல கடற்கரைப் பூங்காக்களில் மின்சார பார்பெக்யூ அடுப்பு இலவசம். ஹோட்டல் செலவு மிச்சம். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கங்காரு இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் குறுக்கே பாய்வதில்லை.