பெட்டி மேல பழியப் போடாதே, மருமகனே

ஏலே மருமகனே, 65 இஞ்சுல டிவி வாங்கி, கீழ சவுண்ட்பார வச்சு, பின்னால ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையும் சொருகி, சொந்தபந்தத்த எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சே. படம் ஓடுச்சு. ஹீரோ மூஞ்சி பச்சை, ஹீரோயின் மூஞ்சி கத்திரிப்பூ. உன் அத்தை பாவம், ஏதோ பெருமாள் படம்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டா. நீ என்ன செஞ்ச? டிவி வித்தவன வைஞ்ச. ஆஃப் பண்ணி ஆன் பண்ணின. பொறவு முதுகுல ரெண்டு தட்டும் தட்டின. அது வால்வு ரேடியோ காலத்து வைத்தியம்லே! ஐ.டி.ல வேலை பாக்குற பய, எங்க வைத்தியத்த எங்களுக்கே திருப்பிக் காட்டுதியே.

கேளு. அந்தப் படத்துல டால்பி விஷன்னு எழுதியிருந்துச்சுல்ல? அதுல ரகம் உண்டு. அஞ்சாம் நம்பர் ரகத்துக்கு அடியில சாதா எச்டிஆர் 10 படம்னு ஒண்ணு கிடையாது. நிறத்தையே வேற கணக்குல எழுதி வச்சிருப்பான். டால்பி விஷன் தெரியாத பெட்டி அத வழக்கமான கணக்குல வாசிக்கும். அதான் பச்சையும் கத்திரிப்பூவும். 8.1ன்னு ஒரு ரகம் இருக்கு. அதுல அடியில எச்டிஆர் 10 உக்காந்திருக்கும். பெட்டிக்கு டால்பி விஷன் தெரியலன்னா அதக் காட்டிட்டுப் போயிரும். ஏழாம் நம்பர் ப்ளூரே தட்டுல வர்றது, ரெண்டு அடுக்கு. மேலடுக்க மதிக்காத பெட்டிதான் ஊர்ல நெறைய. ஆனாலும் அடியடுக்கு இருக்கறதால மூஞ்சி மூஞ்சியா இருக்கும்.

இன்னொண்ணு. ஓடிடிக்காரன் அனுப்பும்போதே உன் பெட்டிக்கு என்ன தெரியும்னு விசாரிச்சுட்டுத்தான் அனுப்புவான். பச்சை மூஞ்சி அனேகமா ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி வச்ச ஃபைல்லதான் வரும். அந்த ஃபைல் எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். உங்க அம்மா கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ.

நான் தியேட்டர்ல ஆப்பரேட்டரா இருந்தவன்ங்கிறத நீ மறந்துட்ட. டி.டி.எஸ். வந்த காலத்துல சத்தம் பிலிம்ல வராது, தனியா சி.டி.ல வரும். பிலிம் ஓரத்துல புள்ளியும் கோடுமா ஒரு டைம்கோடு ஓடும், அதப் பாத்து சி.டி. கூடவே ஓடும். 1993ல ஜுராசிக் பார்க்குல ஆரம்பிச்ச வித்தை. சி.டி. மக்கர் பண்ணினா மிஷின் தானாவே பிலிம்ல இருக்குற பழைய ஆப்டிக்கல் டிராக்குக்கு மாறிக்கிடும். தரை டிக்கெட்காரனுக்குச் சத்தம் கொஞ்சம் மட்டமாத் தெரியும், விசில் மட்டும் நிக்காது. புதுசு படுத்தா பழசு தாங்கும்னு யோசிச்சு வச்சவன் புத்திசாலி. உன் ஃபைல்ல அப்படித் தாங்க ஏதாவது இருக்கான்னுதான் நீ மொதல்ல பாக்கணும், டிவி விலையப் பாக்கக் கூடாது.

விலை குடுத்தா எல்லாம் தெரியும்னு நெனைக்காத. சாம்சங் டிவி என்ன விலையா இருந்தாலும் டால்பி விஷன் கிடையாது. அதுக்குக் காசு கட்டணும்லா. 2017ல அமேசானோட சேந்து எச்டிஆர் 10 பிளஸ்னு தனிக்கடை போட்டுட்டான். 2018லேருந்து அவன் டிவில டி.டி.எஸ்ஸும் போச்சு. அந்த டிவில டி.டி.எஸ். சத்தம் மட்டும் உள்ள ஃபைலப் போட்டா வாய் அசையும், பேச்சு வராது. உனக்கு வீட்டுல கல்யாணம் ஆன பொறவு வந்த நெலைமைதான். இதுக்காகப் புது டிவி வாங்க ஓடாத. மெனுவுல வேற ஆடியோ டிராக் இருக்கா பாரு. இல்லன்னா டி.டி.எஸ்ஸ தானே பிரிச்சு வாசிக்கிற பிளேயர ஸ்டிக்குல போடு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல பிளெக்ஸ், ஜெல்லிஃபின் மாதிரி மீடியா சர்வர் ஓடுச்சுன்னா சத்தத்த மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லு. சத்தத்த மாத்துறது கம்ப்யூட்டருக்குச் சுளுவு. 4கே படத்த மாத்தச் சொன்னாத்தான் அதுக்கு மூச்சு வாங்கும்.

டால்பிங்கிறது ஒரு மனுசன் பேரு, தெரியுமா? ரே டால்பி. 1965ல லண்டன்ல கம்பெனி தொறக்கதுக்கு முன்ன இந்தியாவுல ஐ.நா. ஆலோசகரா இருந்தாரு. கம்பெனி தொறந்து மொதல்ல செஞ்சது இரைச்சலக் குறைக்கிற மிஷின். நம்ம ஊரு கொடை விழா குழாய் ஸ்பீக்கர் அவரு காதுல விழுந்திருக்குமோன்னு எனக்கொரு சந்தேகம்.

இனி அந்த டால்பியோட சத்த வித்தை, அட்மாஸுக்கு வருவோம். 'பார்ல அட்மாஸ்னு எழுதிருக்கு மாமா, கேக்க மாட்டேங்கு'ன்னு மூக்கால அழுத. டிவிக்கும் பாருக்கும் நடுவுல உள்ள வயரு எந்த ஓட்டையில சொருகிருக்குன்னு பாத்தியா? டிவில நாலு எச்டிஎம்ஐ இருக்கும், அதுல ஒண்ணுக்கு மேலதான் ஆர்க் இல்லன்னா ஈஆர்க்னு எழுதிருக்கும். மத்ததுல சொருகிட்டு மாமனுக்கு போன் போட்டா மாமன் என்ன செய்ய? பழைய ஆர்க் தாங்குறது நொடிக்கு 1 மெகாபிட் அளவு, ஈஆர்க் 37. ஓடிடில வர்ற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ல ஏறி வர்றது, ஆர்க்லயே போயிரும். ப்ளூரேல வர்ற அட்மாஸ் ட்ரூஎச்டில வர்றது, அத ஆர்க்ல விடுறது ஒத்தையடிப் பாதையில தேர் இழுத்த கதை. ரெண்டுக்கும் பேரு அட்மாஸ்தான். இனிஷியலக் கேட்டுக்கோ.

அப்புறம் டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பி.சி.எம்.ல கெடக்கும். ஆர்க்ல பி.சி.எம். விட்டா ரெண்டே சேனல். எட்டு ஸ்பீக்கர் வாங்கி ரெண்ட மட்டும் வேலை வாங்குத. ஆட்டோவுலயோ பாஸ்த்ரூவுலயோ வை.

இனி என் தொழில் விசயம். சினிமா நொடிக்கு 24 படம். எங்க புரஜெக்டர்ல ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தரம் வெட்டிக் காட்டும், எல்லாத்துக்கும் சமமா. உன் ஸ்டிக் 60 ஹெர்ட்ஸ்ல நிக்குது. 24, 60ல சமமாப் போகாது. ஒரு படத்த ரெண்டு தரம் காட்டும், அடுத்தத மூணு தரம் காட்டும். கேமரா மெள்ள வயக்காட்டச் சுத்தி வரும்போது காடு குலுங்கும் பாரு, அது இதான். நீ பூகம்பக் காட்சின்னு நெனச்சிருப்ப. மேட்ச் ஃப்ரேம் ரேட்டுன்னு ஒண்ணு செட்டிங்ஸ்ல ஒளிஞ்சு கெடக்கும், தேடிப் போட்டுவிடு. தேடும்போது பக்கத்துல எப்பவும் எச்டிஆர்னு ஒண்ணு இருந்தா அத எடுத்துரு. உன் அத்தை பாக்குற சீரியல் எச்டிஆர்ல எடுத்ததில்ல. வலுக்கட்டாயமா மாத்துனா மாமியாரு வெளிறிப்போயித் தெரிவா. அவளுக்கு அது ஆகாது.

படத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி மின்னுதா, நொடி நேரம் கறுத்துட்டு வருதா? வயரு. 18 கிகாபிட் தாங்குற பிரீமியம் ஹை ஸ்பீட் கேபிள் ரெண்டு மீட்டர் போதும், வீட்டச் சுத்தி இழுக்காத. ஸ்டிக் நடுப்படத்துல தானா அணைஞ்சு எந்திரிக்குதா? டிவியோட யு.எஸ்.பி.ல கரண்ட் எடுத்திருப்ப. டப்பாவுல வந்த அடாப்டரு இன்னும் பாலித்தீன் பிரிக்காம அலமாரில இருக்கும். பழைய ரிசீவர் வழியா 4கே வரலியா? அதுக்கு எச்டிசிபி 2.2ங்கிற காப்பித் தடுப்புப் பூட்டு தெரியாது. ஸ்டிக்க நேரா டிவில சொருகி, சத்தத்த மட்டும் ஆர்க்ல ரிசீவருக்கு அனுப்பு.

இவ்வளவும் செஞ்சும் சரியா வரலன்னா, நடுவுல உள்ளத ஒவ்வொண்ணாக் கழட்டு. மொதல்ல பாரக் கழட்டிப் பாரு, பொறவு வயர மாத்து, பொறவு அதே ஃபைல டிவில நேரா போடு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டு 'இப்ப நல்லாருக்கு, ஏன்னு தெரியல'ன்னு நிக்காத. பொறவும் எனக்கு போன் போடணும்னா, படம் ஓடும்போதே ரிமோட்ல இன்ஃபோவ அமுக்கி, மூலையில வர்ற எழுத்த அப்படியே வாசி. ராத்திரி ஒம்பதுக்கு மேல வேண்டாம், நான் படம் பாத்துக்கிட்டிருப்பேன்.