எட்டு விசிலும் இருபது நிமிடமும்: மாட்டுக்கறிக் கிண்ணச் சோற்றின் உற்பத்தியியல்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஒரு கார் எத்தனை நிலைகளைக் கடந்து வெளியே வருகிறது என்று கேட்டால், சொல்ல ஆள் உண்டு, படம் உண்டு, சுவரில் ஒட்டிய அட்டவணையும் உண்டு. அதே ஆலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவர், நாலு பேருக்கு இருபது நிமிடத்தில் காரசாரமாக மாட்டுக்கறியும் காயும் சோறும் ஒரே கிண்ணத்தில் எப்படிச் சேர்க்கிறார் என்று கேட்டால், "அது என்னங்க பெரிய விஷயம்" என்றுதான் பதில் வரும். அறிவியல் வளர்ச்சிக்கு இந்தப் பணிவு பெரும் தடை. அதை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் சொல் விளக்கம். உணவக அட்டைகள் இதற்கு 'ரைஸ் பவுல்' என்று பெயர் வைத்து, நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கியது போலக் காட்டுகின்றன. கூழும் பழைய சோறும் குடித்த கும்பா தமிழ் வீட்டுக்குப் புதிதல்ல. வாழை இலைக்கு ஓர் இலக்கணம் உண்டு: எது எந்த மூலையில், எது முதலில், எது பிறகு. கும்பாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாற்று நடப் போகிறவருக்கு இலையின் இலக்கணம் பார்க்க நேரமில்லை. ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கும் இல்லை. ஆகவே கிண்ணச் சோறு என்பது குழம்பு, பொரியல், வறுவல் என்ற மூன்று பாத்திரங்களை ஒன்றாக்கும் ஏற்பாடு என இங்கே வரையறுக்கப்படுகிறது. (சமைப்பவரே பாத்திரமும் கழுவும் வீடுகளில் இந்த வரையறை சட்டென்று புரியும். மற்ற வீடுகளில் விளக்கம் கேட்பார்கள்.)

இலக்கியச் சான்று இல்லாத ஆய்வுக் கட்டுரை தமிழில் செல்லாது. நல்லவேளையாக இந்த வட்டாரத்துக்கென்றே ஒன்று வாய்த்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் 500 அடிப் பாட்டு. வழி சொல்வதாகப் பேர். புலவருக்குக் கண்ணெல்லாம் சோற்றின் மேல். எயினர் குடியிருப்பில் சிவந்த சோற்றோடு உடும்புக் கறி, உழவர் வீட்டில் கோழி, வலைஞர் வீட்டில் மீன், அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய். ஒருவர் சாப்பாட்டைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் எழுதியிருக்கிறார். தொண்டை நாட்டின் முதல் உணவுக் கணக்கெடுப்பு என்று அதைச் சொன்னால் தகும். வாடகைக்கு வீடு தேடும் பகுதி மட்டும் அதில் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

அயல்நாட்டுத் தொடர்பு. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. காரோடு கொரியர்களும் வந்தார்கள், அவர்களோடு கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் நிசானும் யமஹாவும் ஜப்பானியரை அழைத்து வந்தன. இரு நாட்டாருக்கும் கிண்ணச் சோறு வீட்டுச் சாப்பாடு. கொரியருடையது பிபிம்பாப். 'பிபிம்' கலப்பது, 'பாப்' சோறு. காய், கறி, முட்டை, மிளகாய் விழுது எல்லாவற்றையும் சோற்றோடு கரண்டியால் கிளறிச் சாப்பிடுவது. அம்மாவையும் அப்பாவையும் கொரியர்கள் ஏறக்குறைய நம்மைப் போலவே கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே பல மேடைகள் ஏறியாயிற்று. 'பிபிம்' என்பது 'பிசை'யின் திரிபு என்று எவராவது கிளம்பினால் இந்தக் கட்டுரை பொறுப்பல்ல. ஜப்பானியருடையது கியூடோன். சோற்றின் மேல் மெல்லிய மாட்டுக்கறித் துண்டும் வெங்காயமும். தோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் 1899-இல் தொடங்கிய யோஷினோயா கடை, சந்தைத் தொழிலாளருக்கு வேகமாகவும் ருசியாகவும் மலிவாகவும் இதைப் போட்டே பெரிய சங்கிலிக் கடையாக வளர்ந்தது.

அந்தக் கடையின் வேகத்தைத்தான் ஒரகடத்து அடுப்படியும் கேட்கிறது. கேட்கும் முறையும் இப்போது ஆலை முறையாகிவிட்டது. 'டாக்ட் டைம்' என்பது லைனில் நிற்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு: இருக்கும் நேரத்தைத் தேவையான எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. (டாக்ட் என்றால் ஜெர்மனில் தாளம். கணக்கைக் கண்டவர்கள் வாழ்க்கையை ஆதி தாளத்தில் நினைத்திருக்க வேண்டும்.) அடுப்பங்கரைக்கு இருபது நிமிடம், அதாவது 1,200 விநாடி. கிண்ணம் நான்கு. ஒரு கிண்ணத்துக்கு 300 விநாடி. பெரிய கார் ஆலைகளில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் இறங்குகிறது என்பதை நினைத்தால் இது தாராளம்தான். ஆனால் காருக்கு வேகாத பாகம் கிடையாது.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி மாடோ எருமையோ அறுக்கப்பட வேண்டுமானால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது, அல்லது மீள முடியாதபடி முடமானது என்று உரிய அதிகாரி எழுதித் தர வேண்டும். பசுவையும் கிடாரியையும் அறுக்கவே கூடாது என்று 1976-இல் அரசாணையும் வந்தது. ஆக, சட்டப்படி நம் கடைக்கு வரும் கறி பெரும்பாலும் ஒரு முழு உழைப்பு வாழ்க்கையை முடித்துவிட்டு வந்தது. ஜப்பானில் ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிர். 2003 டிசம்பரில் அமெரிக்காவில் பைத்திய மாட்டு நோய் கண்டதும் ஜப்பான் அந்த நாட்டு மாட்டுக்கறியை நிறுத்தியது. பிறகு 2005 டிசம்பரில் திரும்ப அனுமதித்தபோது போட்ட நிபந்தனை, மாட்டின் வயது 20 மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு சட்டம்: அங்கே அப்போது 20 மாதத்துக்குக் கீழே, இங்கே 120 மாதத்துக்கு மேலே.

இந்த நூறு மாத வித்தியாசம் நேராகக் கொலாஜனில் போய் உட்கார்கிறது. தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் இந்தப் புரதம், வயது ஏற ஏறச் சூட்டுக்கு அசையாத முடிச்சுகளைப் போட்டுக்கொள்ளும். இளங்கன்றின் கறியைக் காகிதம் போலச் சீவி, கொதிக்கும் சாற்றில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் பஞ்சாக இருக்கும். வண்டி இழுத்த காளையின் கறியை அப்படிச் செய்தால் குடும்பமே இரவு முழுக்க மென்றுகொண்டிருக்கும். அதைக் கரைத்து ஜெலட்டினாக்க நீண்ட நேரம் வேண்டும், அல்லது கூடுதல் சூடு வேண்டும். குக்கரில் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 வரை போகிறது. கொலாஜன் அங்கேதான் வழிக்கு வரும்.

எத்தனை விசில் என்பது அடுத்த கேள்வி. ஆய்வுலகம் இதில் பிளவுபட்டிருக்கிறது. விசில் ஒரு கால அளவே அல்ல. அடுப்பின் வேகம், குக்கரின் கொள்ளளவு, உள்ளே ஊற்றிய தண்ணீர், வெயிட்டின் வயது எல்லாம் அதைக் கூட்டும் குறைக்கும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைத் தணித்து இருபத்தைந்து நிமிடம் என்று சொல்வதே முறை. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் "இருபத்தைந்து நிமிடம்" என்று சொன்னால் நம்ப மாட்டார். "எட்டு விசில்" என்றால் உடனே தலையாட்டுவார். மில் சங்கு கேட்டு நேரம் சொன்ன தலைமுறையின் மிச்சம் அது. பப்பாளிக் காயை அரைத்துத் தடவினால் ஒன்றிரண்டு விசில் குறையும் என்பது அனுபவம். அதிலுள்ள பப்பாயின் என்ற நொதி புரதத்தை அறுக்கிறது. கொரியர் இதே காரியத்துக்குப் பேரிக்காயைத் துருவிப் போடுகிறார்கள்.

எப்படிக் கூட்டினாலும் வெட்டிக் கழுவி, வேகவைத்து, ஆவி அடங்கும்வரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியானால் இருபது நிமிடம் எங்கே போயிற்று?

ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிற்று. வாரத்தில் ஒரு நாள் ஒரு கிலோ கறியை மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, சோம்பு, பட்டை சேர்த்து வேகவைத்து, சாற்றோடு இரண்டு டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். வெந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை சாற்றில் இறங்கிவிடும். அந்தச் சாற்றைக் கொட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, ஏழு வகை வீண்களில் ஒன்றாகச் சரக்கை அடுக்கி வைப்பதைச் சேர்த்தவர். வேண்டியது வேண்டியபோது மட்டும் வர வேண்டும் என்பது அவருடைய வேதம், இந்த வட்டார ஆலைகள் பலவற்றிலும் அதுதான் பாடம். பகலில் எட்டு மணி நேரம் அந்த வேதத்தை ஓதிவிட்டு வரும் குடும்பம், இரவில் ஃப்ரீசரைத் திறந்து அதை மீறுகிறது. மீறுவதுதான் சரி என்பதற்கு யோஷினோயாவே சாட்சி. அமெரிக்கக் கறியை நம்பி ஓடிய அந்தக் கடை, இறக்குமதி நின்றதும் கையிருப்பு தீர்ந்து 2004 பிப்ரவரியில் கியூடோனை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசிக் கிண்ணத்துக்கு வரிசை நின்றது. இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே பெரும்பாலும் பன்றிக்கறிக் கிண்ணம்தான் ஓடியது.

ஓனோவுக்கு ஒரு நியாயமும் செய்தாக வேண்டும். கான்பான் முறைக்கு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்தான் தூண்டுகோல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அலமாரியில் குறைந்ததை மட்டும் நிரப்பும் முறை. மளிகைக் கடையிலிருந்து கார் ஆலைக்குப் போன சரக்கு, இப்போது அடுப்படிக்கே திரும்பியிருக்கிறது. ஒன்று தீர்ந்தால் அடுத்ததை மாட்டிவிட்டு உடனே புக் செய்யும் இரட்டை சிலிண்டர் ஏற்பாட்டை ஆலையில் டூ-பின் சிஸ்டம் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று ஆலையில் ஃபைவ் எஸ் வகுப்பெடுப்பவர்கள் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்ததில்லையா என்று கேட்கத் தோன்றும். அதில் மட்டும் ஒரு முரண்: பேர் அஞ்சறை, கடையில் விற்கும் வட்டப் பெட்டியில் கிண்ணம் ஏழு.

இனி அந்த இருபது நிமிடம். காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிய ஒரு டப்பா கறி. இரும்பு வாணலி காய்ந்ததும் நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு. ஊறவைத்த காய்ந்த மிளகாயோடு துளி புளியும் ஒரு சிட்டிகை வெல்லமும் சேர்த்து அரைத்த விழுது. கொரியரின் கொச்சுஜாங், மிளகாய்த்தூள், பசையரிசி, புளித்த சோயா எல்லாம் கலந்து ஜாடியில் மாதக்கணக்கில் கிடப்பது. நம் விழுது மிக்ஸியில் முப்பது விநாடி. அதே ருசி என்று எவரும் சாதிக்க வேண்டாம், அதே வேலையைச் செய்கிறது. விழுதின் பச்சை வாசனை போனதும் கறி, சாறு வற்றும்வரை. கறியைத் தள்ளி வைத்து, அதே வாணலியில் தீயைக் கூட்டி மெல்லிசாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பிறகு குடைமிளகாய், கடைசியில் கோஸ். கோஸ் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடந்தால் அது பொரியல், வேறு துறை. இறக்கும்போது மிளகுத்தூளும் கறிவேப்பிலையும். உருத்திரங்கண்ணனாருக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. மேலே ஓர் ஆஃப்பாயில் வைத்தால் கொரியரும் கிட்டே வந்துவிடுவார்.

சோறுதான் ஒத்துழைக்காது. பொன்னி உதிரி உதிரியாக நிற்கும் ஜாதி. குச்சியால் எடுக்கத் தோதாக ஒட்டும் ஜப்பானிய அரிசி அல்ல. அதனால் ஜப்பானிய முறை இங்கே தோற்று, கொரிய முறை வென்றது. உதிரிச் சோற்றில் கறிச்சாறு இறங்கும், பிசைந்தால் சேரும். காலையில் வடித்த சோற்றை ராத்திரிக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சோறு வெந்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து, சோற்றை வெளியே வைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சில் ஒரு வகை போகாது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைப்பது ஒன்றே வழி. இந்த வட்டாரத்தில் இது வேடிக்கைப் பேச்சல்ல. 2021 டிசம்பரில் ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துதான் நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூரும் வாணியம்பாடியும். பலகையில் 'பீப் பிரியாணி' என்று பெரிதாக எழுதி வைக்கும் ஊர்கள். அங்கேயே 2022 மே மாதம் அரசு நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் பீப்புக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிப்போனது. கிழக்கே, இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு தேடுகிறவரிடம் கேள்வி இன்னும் சுருக்கமாக வரும்: "நீங்க நான்-வெஜ்ஜா?" ஆடு, கோழி வரை சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். அதற்கு மேல் கிடையாது.

இந்த நிலையில் குக்கரின் அருமை கூடுகிறது. விசிலுக்கு மதமில்லை, சாதியில்லை. பருப்புக்கும் அதே சத்தம், கறிக்கும் அதே சத்தம். பட்டை, சோம்பு வாசனையும் மட்டனைத் தாண்டி எதையும் காட்டிக்கொடுக்காது. கோட்பாட்டளவில் இது குறையற்ற மறைப்பு. அந்த வட்டாரத்து மாடிப்படிகளில் நடந்திருக்கக்கூடிய ஓர் உரையாடலைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஞாயிறு காலை பதினொன்றரை மணி. மாடியில் குக்கர். கீழே துணி காயப்போடும் வீட்டுக்காரம்மா.

"இன்னாம்மா, இன்னிக்கு வாசனை தூக்குது. மட்டனா?"

"ஆமாங்கம்மா, மட்டன்தான்."

"மட்டனுக்கு எதுக்குமா எட்டு விசிலு?"

மாடியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒன்பதாவது விசில் வந்தது.

"கிடா கொஞ்சம் முத்தலுங்கம்மா."