மேஜைக்கடி ராஜ வம்சம்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மன்னர்கள் எல்லோரும் சாலையோரம் மரம் நட்டார்கள், குளம் வெட்டினார்கள். வானொலி நிலையத்து மன்னர்களுக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. மேஜைக்கடியில் தூசியோடு தூசியாக உட்கார்ந்து, இருபத்து நாலு மணி நேரமும் பாட்டுப் போடுவார்கள். தகப்பன் மூச்சு நின்றால்தான் பிள்ளைக்குப் பட்டம். அதுவும் நேயர்கள் தூங்கும் நேரமாகப் பார்த்து, இரவு இரண்டு மணிக்கு.

வம்சத்துக்கு முன்னால் ஒரு கற்காலம் இருந்தது. 1959-இல் அமெரிக்க நிலையங்களுக்குள் நுழைந்த 'கார்ட்' என்கிற டேப் டப்பாவின் காலம். உள்ளே முடிவில்லாமல் சுற்றும் நாடா. விளம்பரம் ஓடி முடித்து, சுற்றிக்கொண்டு ஆரம்பத்துக்கே வந்ததும், தனித் தடத்தில் பதிந்திருக்கும் ஒரு கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்டு இயந்திரம் தானாக நின்றுவிடும். அந்தச் சத்தம் இயந்திரத்துக்கு மட்டும்தான் கேட்கும். செக்குமாடு கூட இவ்வளவு சொன்னபேச்சு கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது முதல் தகராறு இடத்தகராறு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிஷம் ஸ்டீரியோ இசையை அப்படியே வைக்கப் பத்து எம்பிக்கு மேல் வேண்டும். அன்றைய 40 எம்பி வட்டில் ஒரு பாட்டை ஏற்றினால் இரண்டாவது சரணத்துக்குள் வீடு நிரம்பிவிடும். இதற்கு வழி கண்டவர்களில் முன்னோடி, பியூனஸ் அயர்ஸ்காரரான ஆஸ்கார் பொனெல்லோ. ஒரு சத்தத்தின் பக்கத்தில் பெரிய சத்தம் வந்தால் நம் காது சின்னதைக் கண்டுகொள்ளாது. கல்யாண வீட்டில் மைக்செட் அலறும்போது தாய்மாமன் முனகல் யாருக்குக் கேட்கிறது? கேட்காததை எதற்குச் சேமிப்பது என்று வெட்டி எறிந்து, பாட்டைச் சுருக்கி, 1980களின் கடைசியில் 'ஆடிகாம்' என்ற பெயரில் சாதாரண பி.சி.க்குள் அடைத்துவிட்டார். காப்புரிமையும் கோரவில்லை. நம் ஊரில் பரோட்டாவைச் சிலோன் ஸ்டைலில் மடித்தவனே 'ஒரிஜினல்' என்று போர்டு வைக்கிறான்.

முதல் மன்னர் டாஸ் என்னும் இயங்குதளம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். வானொலிக்கு வேண்டியதும் அந்த ஒன்றுதான். அப்டேட் கேட்க மாட்டார், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க மாட்டார். ஒரே குறை, கோப்புக்குப் பெயர் வைக்க எட்டு எழுத்துக்கு மேல் அனுமதி இல்லை. அந்த எட்டுக்குள் எந்தப் பாட்டுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பது? பழைய டேப் டப்பாவில் ஒட்டியதுபோல நம்பர் போட்டுக்கொண்டார்கள். டப்பா குப்பைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் 'கார்ட்' என்ற சொல் போகவில்லை. ரிவென்டெல் என்று லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. கலகக்காரர்களின் ஆயுதம், விண்டோஸ் வாசனையே ஆகாது. அதற்குள்ளும் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் 'கார்ட்', அதற்கொரு எண்.

அடுத்து வந்தார் தொண்ணூற்றைந்தாம் விண்டோஸ். 1995 ஆகஸ்ட் 24-இல் பட்டாபிஷேகம். வருகையை அறிவிக்கும் ஆறு விநாடி இசையைப் போட்டவர் பிரையன் ஈனோ. போட்டது எதில் என்றால், எதிரி நாட்டு ஆப்பிள் மெகின்டாஷில். அதை அவரே வானொலி நிகழ்ச்சியில் சொல்லிவிட்டார்.

இந்த மன்னருக்கு ஒரு சாபம் இருந்தது. பிறந்த கணத்திலிருந்து மில்லி விநாடி மில்லி விநாடியாக எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ண அவருக்கு இருந்த விரல்கள் 32 பிட். 4,294,967,296 வரை எண்ணினால் விரல் தீர்ந்துவிடும், அத்தோடு பிரமை பிடித்து நின்றுவிடுவார். கணக்குப் போட்டால் 49 நாள், 17 மணி, 2 நிமிஷம், சொச்சம் விநாடி. மண்டலம் 48 நாள், விரதத்தை முடித்து மாலையைக் கழற்றிய மறுநாள் சமாதி. இந்தக் கோளாறு வெளியே தெரியவே சில வருஷம் பிடித்தது. காரணம் சுலபம்: வீட்டிலும் ஆபீசிலும் அந்த மனிதர் வேறு காரணங்களுக்காக அதற்கு முன்பே பலமுறை விழுந்துகொண்டிருந்தார். ஐம்பதாவது நாளை எட்டிப்பார்க்கும் யோகம், அணைக்கவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிற வானொலி மாதிரி இடங்களுக்குத்தான். அங்கேயும் விவரமான எஞ்சினியர் வாரம் ஒரு நடுநிசியில் ரீபூட் என்னும் அபிஷேகத்தை நடத்திவிடுவார்.

தம்பி தொண்ணூற்றெட்டு, 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே மேடையில் நீலத்திரை காட்டியவர். அவரைப் பற்றி இதற்குமேல் வேண்டாம்.

எங்கள் பண்பலை நிலையம் 2007-இல் பிறந்தபோது ஆட்சியில் இருந்தவர் எக்ஸ்பி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, கேபினட் நெற்றியில் ஒரு மேடே தட்டிவிட்டது. 'தொடாதே' என்று எழுதி ஒட்டிய காகிதமும் செல்லோடேப்பும் சேர்ந்து பழுத்துப் போயின. ஓர் ஆடி வெள்ளிக் காலை, பக்திப் பாட்டு ஓடும்போது யாரோ பென் டிரைவைச் செருக, எக்ஸ்பி 'டிங்' என்று ஆட்சேபம் தெரிவித்தது. அது அப்படியே காற்றில் போய்விட்டது. நேயர்கள் கோயில் மணி என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே ஒலி அமைப்புக்குள் போய், கணினியின் சொந்தச் சத்தங்களை எல்லாம் வாயடைத்தேன்.

2014 ஏப்ரல் 8-உடன் எக்ஸ்பிக்கு ஆதரவு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்ல, மேலிடத்திலிருந்து மாற்றச் சொல்லி மெயில் வந்தது. மெயில் அனுப்புவது சுலபம். புது மதர்போர்டில் எங்கள் சவுண்ட் கார்டைச் செருக ஸ்லாட் இல்லை. ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி, பழைய ஸ்லாட் உள்ள போர்டு ஒன்றைப் பிடித்தோம். ஸ்லாட் கிடைத்தால், 64 பிட் விண்டோஸ் செவனுக்கு டிரைவர் இல்லை. பூட்டுக்குச் சாவி கிடைத்தால் கதவைக் காணோம். கடைசியில் 32 பிட் செவனை ஏற்றித்தான் கார்டை வாய் திறக்க வைத்தோம்.

அந்த இடைவெளியில் ஊருக்குப் பாட்டுப் போட்டது என் செல்போன். ஒரு சின்ன வயர், மிக்சரில் ஒரு சேனல், ராஜ்ஜியம் அதன் கையில். இரண்டே முக்காலுக்கு, தலையை மேஜைக்கடியில் விட்டு ஸ்குரூ தேடிக்கொண்டிருக்கிறேன். ஆர்.ஜே. தம்பி ஓடி வந்தான்.

"அண்ணே, உங்க வீட்டுல கூப்பிடுறாங்க!"

"அப்புறம் பேசுறேன்னு சொல்லுடா."

"எங்கண்ணே சொல்றது? ரிங்டோன் ஊருக்கே கேக்குது!"

ஏர்பிளேன் மோடில் போட மறந்திருந்தேன். மறுநாள் ஒரு நேயர் போன் செய்து, ராத்திரி வந்த அந்தச் சாமி பாட்டைத் திரும்பப் போடச் சொன்னார்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகத்தைப் பதம் பார்த்தபோது, காரியம் முடிந்து மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் மருந்து அனுப்பியது. செவனின் ஆயுள் 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. சில வாரத்தில் ஊரடங்கு. உள்ளே வரவே பாஸ் வேண்டியிருந்த நாளில் யார் விண்டோஸ் மாற்றுவது? எல்லாம் அடங்கிய பிறகுதான் பத்தாம் விண்டோஸ் வந்தார், புது சவுண்ட் கார்டைச் சீதனமாக வாங்கிக்கொண்டு.

அவருடைய தவணை 2025 அக்டோபர் 14. பதினொன்றாமவர் உட்கார டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு சிப் வேண்டுமாம், எங்கள் பெட்டியில் இல்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்புறம் எதுக்குத் தொடுறீங்க?"

அக்டோபர் 1-ஆம் தேதி ஆயுத பூஜை. இன்னும் பதிமூன்று நாளில் காலாவதியாகப் போகிறவருக்கு வழக்கம்போலச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் வெட்டினோம். சாறு யுபிஎஸ் மேல் தெறித்துவிட்டது. துடைக்கத் துணி எடுக்கப் போன பையனை மூன்று பேர் சேர்ந்து கத்தித் தடுத்தோம்: "டேய், தொடாதே!"