ஏழு நாள் விருந்தாளிகளுக்கு

வாங்க தம்பிகளா, வாங்க தாயிகளா. பனியன்ல நாட்டு நலப்பணித் திட்டம்னு போட்டுக்கிட்டு ஏழு நாள் முகாமுக்கு வந்திருக்கீக. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்னு சொல்லுவாக, நீங்க நாலு நாள் கூடுதல். இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல தாராளமாப் படுத்துக்கங்க. கொசு மட்டும் வெளியூரு, உள்ளூருன்னு வித்தியாசம் பாக்காது.

இந்தத் திட்டம் 1969ல, காந்தி நூற்றாண்டு வருசத்துல, 37 பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. அன்னையிலேருந்து எங்களைத் திருத்த ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு, நாங்கதான் திருந்துற பாடாக் காணோம். வருசா வருசம் மரக்கன்னு நடுறீக. நட்ட பிள்ளைக அத்தனையும் பாஸாகி வேலைக்குப் போயிருச்சு, கன்னுதான் ஒண்ணும் தேறல. ஒரு வசதி என்னன்னா, பழைய குழி அப்படியே கெடக்கு. தோண்டுற வேலை உங்களுக்கு மிச்சம்.

நேத்து கண்மாய்க்கரையில சீமைக்கருவேலம் வெட்டுனதைப் பாத்தேன். இடுப்பு உயரத்துல அருவாளைப் போட்டு, முன்னால நின்னு போட்டோவும் எடுத்துட்டீக. அது வெட்டுனது இல்ல தம்பி, முடி வெட்டிவிட்டது. ஒரு மழை விழட்டும், ஒரு கம்புக்கு நாலு கம்பு தழைச்சு வரும். தூரைச் சுத்தித் தோண்டி வேரோட புடுங்கணும். முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சு ஏறிரும், உள்ள ஒடிஞ்சா சீழ் வைக்கும். எந்தத் திண்ணையில கேட்டிருந்தாலும் காசு வாங்காமச் சொல்லியிருப்பாக. நீங்க எங்களுக்கு விழிப்புணர்வு குடுக்குற அவசரத்துல இருந்தீக. இந்த மரமே, விறகுக்கு ஆகும்னு ஒரு காலத்துல அரசாங்கம் எங்களுக்கு நல்லது நெனச்சு விதைச்சதுதான்.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள். "ஐயா, வருச வருமானம் எவ்வளவு?" லோன் குடுக்க வந்தவனுக்கு ஒரு கணக்கு சொல்லுவோம், மானியம் குடுக்க வந்தவனுக்கு ஒரு கணக்கு சொல்லுவோம். நீங்க எதுக்கு வந்தீகன்னே தெரியல, நடுவாந்தரமா ஒண்ணைச் சொல்லி வச்சேன். கக்கூஸ் இருக்கான்னு கேட்டீக, இருக்குன்னேன். உள்ள என்ன இருக்குன்னு கேக்கலையே? விறகு இருக்கு. தண்ணி வந்தாத்தானே வேற எதுக்கும் ஆகும். உண்மையான பதில் வேணும்னா மூணாவது தடவை வரணும், அதுவும் தாளைத் தூக்காம வரணும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தக் கண்ணாடி போட்ட பாப்பா மந்தையில கோலப்பொடியால ஊர்ப் படம் போட்டுச்சே, அது வேலை. எங்க பொம்பளையாளுக சும்மா வேடிக்கை பாக்கல. பொடியைப் பிடுங்கி, குழாய் இருக்குற எடத்துக்கு ஒரு கலரு, தண்ணி வர்ற எடத்துக்கு ஒரு கலருன்னு போட்டுக் காட்டிருச்சுக. ரெண்டாவது கலரு ஒரு கைப்பிடிகூடச் செலவாகல. ஊராட்சியில நாங்க எழுதிக் குடுத்த எந்த மனுவும் இம்புட்டுத் தெளிவா இல்ல. அந்தப் பாப்பாவும் வாயைத் திறக்கல, கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு மார்க்கு உண்டா?

சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமம் இருக்குல்ல, அதை 1947ல சௌந்தரம் அம்மாவும் அவுக வீட்டுக்காரர் ராமச்சந்திரனும் ஆரம்பிச்சாக. டி.வி.எஸ். வீட்டுப் பொண்ணு, டாக்டருக்குப் படிச்சவுக. அவுக முகாம் போட்டுட்டுக் கிளம்பல, தங்கிட்டாக. உங்களைத் தங்கச் சொல்லல, பயந்துராதீக. போற போக்குல ஊர்ல ஒரு பாட்டிக்கு முதியோர் பென்சன் மனு எழுதிக் குடுங்க. ரேஷன் கடை மெசின்ல ரேகை விழாத கிழடுக இருக்கு, அதுக்கு வழி என்னன்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டு வந்து சொல்லுங்க. நடந்துச்சான்னு அடுத்த மாசம் வந்து பாருங்க. ஊர்வலத்துல கோஷம் போட எங்களுக்கும் தெரியும், தேர்தலுக்குத் தேர்தல் போடுறதுதான்.

முகாம் போக, ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் உங்களுக்குக் கணக்கு இருக்காமே. அதுல கொஞ்சத்தைக் கிராம சபைக்கு ஒதுக்குங்க. வருசத்துக்கு ஆறு தடவை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல உங்களுக்கு லீவு நாளு, அதான் ஒருத்தரையும் காணோம். அடுத்தது மார்ச் 22. பின்னால உக்காந்து கேட்டாப் போதும். கருவேலம் வேரைத் தோண்டக் கடப்பாரை நான் தாரேன், பேனரை மட்டும் காலேஜ்லயே வச்சிட்டு வாங்க.