தள்ளினால் ஓடும்

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தை நிர்ணயிப்பதற்கு நாற்சார் வீடு, சங்கடப்படலை, வளவிலே நிற்கும் தென்னைகளின் தொகை என்று பழங்காலத்து அளவுகோல்கள் சில இருந்தன. அவற்றோடு சீமையிலிருந்து கப்பலேறி வந்த மோட்டார் காரும் சேர்ந்துகொண்ட பிற்பாடு, ஒருவர் கார் வைத்திருக்கிறாரா இல்லையா என்ற வினா அற்பமாகி, அந்தக் கார் நின்றுவிட்டால் தள்ளிவிடுவதற்கு எத்தனை பேர் ஓடி வருகிறார்கள் என்பதே அவருடைய மெய்யான செல்வாக்குக்குப் பிரமாணமாயிற்று. வேலிக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோடேறி வழக்காடும் சுபாவமுள்ள எங்கள் சனம், ஒழுங்கையில் ஒரு மொறிஸ் மைனர் மூச்சடங்கி நிற்கக் கண்டால், வாதியும் பிரதிவாதியுமாய் வந்து ஆளுக்கொரு மட்காட்டில் கைகொடுத்துத் தள்ளுவதை நான் பல தடவை தரிசித்திருக்கிறேன். இத்தகைய ஐக்கியத்தை உண்டாக்கும் வல்லமை எந்த அரசியற் கட்சிக்கும் வாய்த்ததில்லை. ஜப்பானியக் கார்களுக்கும் வாய்த்ததில்லை. அவை நிற்பதில்லையாதலால் அவற்றைச் சுற்றி ஒரு சமூகம் கூடவுமில்லை.

என்னுடைய மைனர் எனக்கு வாய்த்தது அறுபதுகளின் நடுப்பகுதியில். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதுக் கார்களின் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலமாதலால், பழைய கார் விற்பவர்கள் வாங்க வந்தவனுடைய உத்தியோகம், ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் விசாரித்துத் திருப்தியடைந்த பின்னரே விலையைப் பற்றி வாய் திறப்பார்கள். எனக்கு விற்றவர் ஒரு பிறக்கிராசியார். “தம்பி, இந்தக் கார் என்னை ஒருநாளும் நடுவழியிலை விட்டதில்லை” என்று அவர் சொன்னது சட்டத்தின் கண்ணுக்கு முழு உண்மை. வழியின் தொடக்கத்திலேயே, கராஜுக்குள்ளேயே, அது அவரை விட்டுவிடும் என்பது நான் கேட்காத கேள்விக்குரிய விடை. கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. 1954ஆம் வருஷத்து வண்டி, சாம்பல் நிறம், நான்கு கதவு, நடுவிலே பிரிந்த முன்கண்ணாடி, 803 சிசி இயந்திரம், முப்பது குதிரைவலு. அந்த முப்பது குதிரைகளில் மார்கழிமாதக் காலைவேளைகளில் எத்தனை கொட்டிலைவிட்டு வெளியே வரும் என்பது ஈசுவரனுக்கே வெளிச்சம்.

இந்த வாகனத்தைச் சிருஷ்டித்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மேர்னா நகரத்திலே கிரேக்க வம்சத்துத் தகப்பனுக்குப் பிறந்து, யுத்தத்தால் ஊரைவிட்டு வெளியேறி இங்கிலாந்து வந்து சேர்ந்த மேதாவி. மாதிரிக் கார் ஏறத்தாழ முடிந்து நின்ற தறுவாயில், அது அகலம் போதாமல் ஒடுங்கித் தெரிகிறதென்று அவருக்கு மனக்குறை தோன்ற, அதனை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் திருப்தியடைந்தாராம். முன்கூட்டியே செய்து வைத்துவிட்ட பம்பர்களையும் நடுவிலே வெட்டி ஒரு துண்டு சேர்க்கவேண்டியதாயிற்று. ஆரம்பத்துக் கார்களில் அந்த ஒட்டு வெளிப்படையாகவே தெரியும். எங்களூர் ஓடாவியார் ஒருவர் கதவொன்றை இப்படி அறுத்து ஒட்டியிருந்தால் கூலியில் பாதியைப் பிடித்திருப்போம். இசிகோனிஸ் செய்தபடியால் அது பொறியியற் சரித்திரத்தில் ஏறிவிட்டது. கம்பனியின் அதிபரான நஃபீல்ட் பிரபுவுக்கு மட்டும் இந்த ரூபலாவண்யம் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று பரிகசித்ததாகச் சொல்வார்கள். 1948இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அரங்கேறிய அந்த முட்டை, 1960 முடிந்து 1961 பிறக்கும் தறுவாயில் பத்து இலட்சத்தை எட்டி, பிரிட்டனில் அத்தனை தொகை செய்யப்பட்ட முதற் கார் என்ற கீர்த்தியைப் பெற்றது. பிரபுக்களின் அபிப்பிராயங்களுக்கு உள்ள மதிப்பு இவ்வளவுதான்.

காலையில் அதனைத் துயிலெழுப்புவது வைதிக காரியத்துக்குரிய நியமங்களோடு நடைபெறவேண்டிய ஒன்று. சோக் குமிழை அளவறிந்து இழுத்து, சாவியைத் திருப்பி, பற்றறியில் உயிரில்லை என்பதை அது ஒரு முனகலால் அறிவித்த பின்னர், வளைந்த இரும்பு ஹாண்டிலை எடுத்துக்கொண்டு முன்புறம் போய்த் துவாரத்தில் செருகிச் சுற்றவேண்டும். அதிலே ஒரு சாஸ்திரம் உண்டு. பெருவிரலைக் கம்பியின் மறுபக்கமாகச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற நான்கு விரல்களோடும் ஒரே பக்கத்தில் அணைத்து வைத்து, கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். இயந்திரம் திருப்பி உதைத்தால் ஹாண்டில் மட்டும் விரல்களை நழுவிப் போகும். சுற்றிப் பிடித்திருந்தால் பெருவிரலும் மணிக்கட்டும் கூடப் போகும். வலது கையில் கட்டுப் போட்டவரைக் கண்டால், அந்நாளில் எங்களூரில், எந்த மரத்திலிருந்து விழுந்தீர் என்று கேட்பதில்லை. மொறிஸோ ஒஸ்ரினோ என்றுதான் கேட்பார்கள்.

ஹாண்டிலும் தோற்ற இடத்திலேதான் முற்சொன்ன தள்ளுதல் ஆரம்பமாகும். தள்ள வருகிறவர்களில் மெய்யாகவே தள்ளுகிறவர்கள் இரண்டொருவர்தான். ஒருவர் டிக்கியின் மேலே உள்ளங்கையைப் பதித்து, காருக்கு ஆசீர்வாதம் செய்கிற பாவனையில் கூடவே நடந்து வருவார். இன்னொருவர் தள்ளாமல் முன்னே ஓடிப் போய், “இரண்டாம் கியர் போடுங்கோ மாஸ்ரர், கிளச்சை விடுங்கோ, இப்ப விடுங்கோ” என்று யன்னலுக்குள்ளே தலையை நீட்டி உபதேசிப்பார். அவரிடம் ஒரு சைக்கிள்கூட இராது. கார் உயிர்பெற்று ஒரு குலுக்கலோடு பாய்ந்த மாத்திரத்தில் மட்காட்டைப் பிடித்திருந்த பிரதிவாதி நிலைதவறி வாதியின் மேலே விழுவதும், அதனால் புதிதாக ஒரு வழக்கு உற்பத்தியாவதும் உண்டு. நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்ப்பதற்காக நிறுத்தினால் பிறகு தள்ளுவது யார்?

அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சார உபகரணம் செய்து கொடுத்த கம்பனி ஒன்றுக்கு, அந்நாட்டு ரசிகர்களே ‘அந்தகாரத்தின் இளவரசர்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பெயரைச் சொல்லி நானும் ஏன் நோகடிக்கவேண்டும்? என் குடும்பத்தை ஆட்டிப்படைத்தது விளக்கு அன்று, பெற்றோல் பம்பு. பொனற்றுக்குள்ளே பின்சுவரில் பொருத்தப்பட்ட அந்தச் சிறு உருளை ‘டிக் டிக்’ என்று நாடி அடித்துக்கொண்டிருக்கும்வரையில் கவலையில்லை. உள்ளேயுள்ள தொடுமுனைகள் கரிபிடித்துவிட்டால் சத்தம் நின்றுபோகும். சத்தம் நின்றால் சிறிது தூரத்தில் காரும் நின்றுபோகும். இறங்கிப் போய்த் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி நாடி பேசும். ஸ்பானரால் தட்டினால் மூடி வெடித்துவிடும் என்றபடியால், என் மனைவி சிரட்டை அகப்பை ஒன்றைக் கதவுப் பையில் வைத்திருந்து, பட்டுச்சேலையோடு இறங்கி, காம்புப் பக்கத்தால் இதமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து ஏறுவாள். “இஞ்சாருங்கோ, குசினியிலை அகப்பை பிடிக்கிறது காணாதெண்டே றோட்டிலையும் பிடிக்க வைக்கிறியள்?” என்று கேட்பாள். கலியாண வீட்டு வாசலில் அந்த ஆயுதத்தைக் கையில் மறந்தபடியே இறங்கியவளை, சமையலுக்கு வந்தவள் என்று எண்ணிப் பின்வளவுக்கு வழிகாட்டிய சம்பந்திமாரும் உண்டு.

இனி, கைகாட்டி. இன்றைய மினுங்கும் விளக்குகளுக்கு முன்னர், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கை ஒடுங்கிக் கிடந்தது. சுவிச்சைத் திருப்பினால் உள்ளே விளக்கெரிய அது எழுந்து நின்று, திரும்பப்போகும் திசையை உலகத்துக்கு அறிவிக்கும். எழவேண்டிய வேளையில் எழாது, எழுந்தால் அடங்காது. தூணிலே உட்புறமாக முஷ்டியால் ஒரு குத்து விடுவதே இரண்டுக்கும் பரிகாரமாதலால், பின்னிருக்கையின் இரு ஓரங்களும் எங்கள் பிள்ளைகளுக்கு உத்தியோகபூர்வமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. ஒருநாள் நல்லூரிலிருந்து சுன்னாகம் வரையும் இடதுபக்கம் கைகாட்டியபடியே நேரே போய்க்கொண்டிருந்த எங்களைச் சந்தியிலே கண்ட சக ஆசிரியர், அவர் இடதுசாரித் தோழர், “உதுக்கும் கட்சி அங்கத்துவம் குடுத்திட்டினமோ?” என்று கேட்டார்.

இங்கே என் மனைவியின் அம்மானைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் நகர்வது முறையன்று. மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடும் கறுப்புக் குடையோடும் ஊர் திரும்பியவர். வைத்திருந்தது ஒஸ்ரின் ஏ40 சொமசெற். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் சைவம், வேதம் என்ற பிரிவுக்கு அடுத்தபடியாக மொறிஸ், ஒஸ்ரின் என்ற பிரிவே உறுதியாக நின்றது. ஹில்மன் மின்க்ஸ், ஃபோட் அங்லியா வைத்திருந்தவர்கள் எந்த மதத்திலும் சேராத நாஸ்திகர்களாகக் கணிக்கப்பட்டார்கள். ஒரு கொழும்புப் பிரயாணத்தில் எங்களிருவருடைய கார்களும் முன்னும் பின்னுமாகப் புறப்பட்டன. ஆனையிறவு தாண்டி, பரந்தன், கிளிநொச்சி கடந்து போகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு போவது கண்டி வீதியின் சம்பிரதாயம். என்னுடைய மைனர் பக்தியிலே ஒரு படி மேலானது. நான் நிறுத்தவேண்டிய அவசியமில்லாமல் கோயிலுக்கு முன்னே தானாகவே நின்று, பொனற்றின் இடுக்குகளால் தூபம் காட்டியது. அம்மான் சாவகாசமாகத் தேங்காயை உடைத்துவிட்டு வந்து, மொறிஸ் என்ற பெயரில் இங்கிலாந்து தேசம் இழைத்த பாவங்களை வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

றேடியேற்றர் ஆறும்வரையில் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு சரித்திரத்தை எடுத்து விட்டேன். 1952இல் இரண்டு கம்பனிகளும் பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் என்று ஒன்றாகிவிட்டன என்பதையும், அதன் பயனாக என் மைனரின் பொனற்றுக்குள்ளே அமர்ந்திருக்கும் இயந்திரம் ஒஸ்ரின் ஏ30க்கென்று பிறந்ததே என்பதையும், ஆகையால் அவர் இதுவரை ஏசியது தம்முடைய சொந்த இனசனத்தையே என்பதையும் ஆதாரத்தோடு எடுத்துரைத்தேன். அம்மான் ஒரு கச்சானை உடைத்து, தோலை ஊதி, பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

“அதைத்தானே மருமோன் நானும் இவ்வளவு நாளாய்ச் சொல்லுறன். ஓடுற பகுதி எங்கட. நிக்கிற பகுதிதான் உங்கட.”

சொந்தப் பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன் சில்லைத் தாங்கும் மரைமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சில்லு மடிந்து விழும் என்பது மைனர் வைத்திருந்த எல்லோரும் அறிந்த விஷயம். “கிறீஸ் அடிச்சால் கார் உங்களைச் சுமக்கும் மாஸ்ரர், அடிக்காட்டி நீங்கள் காரைச் சுமப்பியள்” என்பது எங்கள் மெக்கானிக்கின் வாக்கு. திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதிலே வைத்து, கண்ணை மூடிக் கேட்டு வியாதி சொல்லுகிற வைத்தியர் அவர். இப்போதுள்ள கார்களுக்கு அந்தக் காது தேவைப்படுவதில்லை.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டு, பெற்றோல் உட்படப் பல பொருள்கள் வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்டபோது, மிடுக்கான புதுக் கார்கள் ஒவ்வொன்றாய்க் கிடுகுக் கொட்டிலுக்குள் ஒதுங்கின. அழுத்த விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற அளவோடு திருப்திப்பட்டுக்கொண்ட எங்கள் கிழட்டு இயந்திரங்களோ மண்ணெண்ணெயையும் பருகச் சம்மதித்தன. அதிக அழுத்தமுள்ள இயந்திரத்தில் மண்ணெண்ணெய் அகாலத்தில் வெடித்துத் தட்டும். இவற்றுக்கு வேண்டியது சூடு மாத்திரமே. சிறு போத்தலிலே பொக்கிஷம்போல வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்கு ஊட்டி ஸ்ரார்ட் செய்து, இயந்திரம் நன்றாகக் காய்ந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால், வெண்புகையைக் கக்கிக்கொண்டு, ஊரெல்லாம் குப்பிவிளக்கு மணக்க, அது போகும். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மாப்பிள்ளைமார் தாலிகட்டப் போனதும் அந்தப் புகையோடுதான். எங்கள் வீட்டிலே குப்பிவிளக்குக்கும் காருக்கும் நடந்த பாகப்பிரிவினையில் எந்தப் பக்கம் தோற்றது என்பதை இருட்டில் இருந்து சாப்பிட்டவன் சொல்லவேண்டியதில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்குப் போனபோது நாங்கள் நடந்தே போனோம். அந்தச் சனநெரிசலில் நாவற்குழிப் பாலத்தைக் காரோடு கடப்பதென்பது எங்களுக்கு நினைக்கவும் முடியாத காரியம். அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக் கூரையில் ஓடு இல்லை. கார் இருந்தது, அதன் சில்லுகள் இல்லை, பற்றறி இல்லை, இடப்பக்கத்துக் கைகாட்டியும் இல்லை. ஓட்டையும் சில்லையும் பற்றறியையும் கொண்டுபோனவனுடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. எழச் சொன்னால் எழாத, அடங்கச் சொன்னால் அடங்காத அந்தக் கைகாட்டியை ஒருவன் மினக்கெட்டுக் கழற்றிக்கொண்டு போனதன் நோக்கந்தான் இன்றுவரை புலப்படவில்லை.

மற்றவையெல்லாம் பிற்பாடு எப்படியோ சேர்ந்துவிட்டன. இங்கிலாந்தில் பாத் நகரத்திலே மைனர்களைப் புதுப்பிக்கும் ஸ்தாபனம் ஒன்று, தனக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களைத் தொண்ணூறுகளில் இலங்கையிலேயே செய்வித்துக் கப்பலேற்றியது என்று அறிந்தேன்; சீமைக் காருக்கு எங்கள் தேசத்திலிருந்து சீமைக்குச் சீதனம் போன அந்த அதிசயத்தைக் கேட்டு அபிப்பிராயம் சொல்ல அம்மான் இல்லை. கைகாட்டி மட்டும் கிடைக்கவில்லை. 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் மினுங்கும் விளக்கே உண்டாதலால் அவற்றைக் கழற்றியும் பயனில்லை. இப்போது இடதுபக்கம் திரும்பவேண்டிய இடங்களில் பேரன் பின்னிருக்கையிலிருந்து கையை வெளியே நீட்டுகிறான்; சொன்னவுடன் எழுந்து சொன்னவுடன் அடங்குகிற கை, ஆனால் வருகிற வருஷம் அது பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

ஆகையால், இதைப் படிக்கிறவர்களில் எவருடைய வளவுக் கோடியிலாவது, கோழிக்கூட்டின் மேலேயாவது, 1954ஆம் வருஷத்து மொறிஸ் மைனரின் இடப்பக்கக் கைகாட்டி ஒன்று கிடக்குமாயின் தயவுசெய்து அறியத்தாருங்கள். வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனை இல்லை; முன்பிருந்ததும் வேலை செய்யவில்லை.